சாணமா, புழுக்கையா, கோழி எருவா?

"ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்று ஊரில் ஒரு சொலவடை உண்டு. ஆட்டெரு போட்ட வருஷமே பலன் தரும், மாட்டெரு அடுத்த வருஷம்தான் என்று பொருள். வயலுக்குச் சொன்னதுதான், ஆனால் மொட்டைமாடித் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும்.

சத்துக் கணக்கில் மாட்டெருதான் கடைசி. மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 0.5 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். ஆட்டெருவிலும் கோழி எருவிலும் அது சுமார் 3 சதவீதம். மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) கோழி எரு இன்னும் முந்திக்கொள்ளும். இந்தக் கணக்கை நம்பித்தான் ஒருமுறை கத்தரி நாற்றுக்குக் கோழி எருவை ஈரத்தோடு அள்ளிப் போட்டேன். நாலே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. புதுக் கோழி எருவில் அம்மோனியாவும் உப்பும் அதிகம். வயல் தாங்கலாம், தொட்டி மண் தாங்காது. கறிக்கோழிப் பண்ணையில் உமியோடு வாரித் தருவதும் இதே ரகம்தான். இரண்டு பங்கு காய்ந்த சருகோடு கலந்து, அவ்வப்போது கிளறி, மூன்று மாதமாவது மக்கவிட வேண்டும். கண்ணைக் கரிக்கும் அந்த வாடை வருகிறதே, அது தழைச்சத்து காற்றில் போவதுதான். ஆகவே குவியலை வெயிலிலும் மழையிலும் திறந்து போடாதீர்கள்.

மாட்டுச்சாணம் செடியைச் சுடாது, மண்ணைப் பொலபொலப்பாக்கும். அதன் தொல்லை வேறு: அரைகுறையாக மக்கியிருந்தால் களை விதையும் வெள்ளைப் புழுக்களும் சேர்ந்தே வரும். மூட்டையைப் பிரித்ததும் மண்வாசனை வர வேண்டும். சாண வாசனை அடித்தால் அது இன்னும் எரு ஆகவில்லை.

தொட்டிக்கு என் ஓட்டு ஆட்டுப்புழுக்கைக்கு. காய்ந்திருப்பதால் வாடை குறைவு, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். ஆனால் முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் உருண்டை உருண்டையாகவே கிடக்கும். இடித்து, ஈரமண்ணோடு கலந்து மூடி, இரண்டு மாதம் வைத்தால் போதும். அப்புறம் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி.

நோய்க்கிருமி விஷயத்தில் மூன்றுமே ஒன்றுதான். ஈகோலை, சால்மோனெல்லா எதிலும் இருக்கலாம். வேகவைக்கும் கீரைக்குப் பயம் குறைவு. பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கேரட், கொத்தமல்லி, புதினாவில்தான் கவனம் வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதியில், மக்காத எரு போட்டால் மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாளும், தொடாததற்கு 90 நாளும் கழித்தே அறுவடை. நம் கொத்தமல்லி 40 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அதனால் அதற்குப் பச்சை எரு கூடவே கூடாது, நன்றாக மக்கியது மட்டும்தான். சாணத்தைக் கரைத்து இலைமேல் தெளிக்கும் பழக்கத்தையும் இந்தச் செடிகளுக்கு விட்டுவிடுங்கள்.

நாய், பூனைக் கழிவு இந்தப் போட்டியிலேயே இல்லை. அதில் வரும் ஒட்டுண்ணிகள் வீட்டுக் குவியலில் சாகும் என்று நம்ப முடியாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் எந்த எருவையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். டெட்டனஸ் கிருமி சாணத்திலும் மண்ணிலும் உண்டு.