வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நெட்வேர்க் சுவிட்ச் வாங்கப் போகிறவர்கள் ஒருக்கா வாசியுங்கள்

வவுனியாவில் ஒரு கடை எங்கள் கல்வி நிலையத்துக்கு மனேஜ்ட் சுவிட்ச் (கணினிகளைக் கேபிளால் இணைக்கிற பெட்டி, உள்ளே போய் அமைப்பை நாமே மாற்றக்கூடியது) என்று சொல்லி, பில்லிலும் அப்படியே எழுதி, சாதாரண சுவிட்ச் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறது. முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே ஆட்கள் மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கமும் வேலை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் தேவை பெரிசாக ஒன்றுமில்லை. கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட மேல்மாடியோடு ஒரு கட்டடம். கீழே அலுவலகம், கட்டணக் கணக்கு, பிரிண்டர். மேலே கணினி அறை. வாசலிலும் சைக்கிள் கொட்டிலிலும் கமரா. மேலே படிக்கிற பிள்ளைகள் கீழே உள்ள கணக்குக் கணினிக்கோ கமரா ரெக்கோடருக்கோ போகக்கூடாது, அவ்வளவுதான். இதற்கு வீலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிப்பது) வேண்டும், யாராவது வெளி ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினால் அடக்க டிஎச்சிபி ஸ்னூப்பிங் (டிஎச்சிபி என்பது கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறை) வேண்டும், ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) கண்டபடி கருவிகளை மாட்டாமலிருக்க போர்ட் செக்யூரிட்டி வேண்டும் என்று விலை கேட்கும்போதே எழுதிக் கொடுத்தோம். எல்லாம் இருக்கு என்று விலை தந்தார்கள். அதில் ‘கன்பிகரேஷன்’ என்று தனியாக ஒரு தொகையும் இருந்தது.

வந்தது ஒரு பிஓஇ சுவிட்ச், அதாவது நெட்வேர்க் கேபிளாலேயே கமராவுக்கு மின்சாரமும் கொடுப்பது. முன்பக்கத்தில் நகர்த்துகிற ஒரு சின்னக் குமிழ், அதற்குப் பக்கத்தில் நோர்மல், வீலான், எக்ஸ்டெண்ட் என்று மூன்று நிலை. பூட்ட வந்த தம்பி லாப்டொப்பை வெளியே எடுக்கவே இல்லை. நகத்தால் குமிழை நடுவுக்குத் தள்ளிவிட்டு “முடிஞ்சுது சேர்” என்றார். இதற்குத்தான் கன்பிகரேஷன் காசு.

அந்தக் குமிழ் செய்வது என்னவென்றால், வீலான் நிலையில் வைத்தால் எல்லாப் போர்ட்டும் ஒன்றோடொன்று பேசாது, அப்லிங்க் போர்ட்டோடு (ரவுட்டர் பக்கம் போகிற போர்ட்) மட்டும் பேசும். கமராக்களை மட்டும் மாட்டுகிற இடத்தில் அது பரவாயில்லை. ஆனால் உண்மையான வீலான், அதாவது 802.1க்யூ என்ற தரநிலை, வேறு. அதில் 1 முதல் 4094 வரை எண் கொடுத்து, இந்தப் போர்ட் அலுவலகம், இந்தப் போர்ட் வகுப்பு என்று நாம் பிரிக்கலாம், ஒரே குழுவுக்குள் இருப்பவை தங்களுக்குள் தாராளமாகப் பேசும். எங்களிடம் வந்ததில் அது இல்லாததால் அடுத்த நாளே அலுவலகக் கணினிக்குப் பிரிண்டர் தெரியவில்லை. கூப்பிட்டதும் தம்பி வந்து, குமிழைப் பழையபடி நோர்மலுக்குத் தள்ளி, பிரிண்ட் எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதாவது அன்றிலிருந்து எங்களிடம் ஒரு பிரிவினையும் இல்லை, எல்லாம் ஒரே முற்றம். (எக்ஸ்டெண்ட் பக்கம் தெரியாத்தனமாகத் தள்ளாதீர்கள், 250 மீட்டர் வரை கேபிள் போகும் என்பார்கள், ஆனால் வேகம் 10 எம்பிபிஎஸ்சுக்கு விழுந்துவிடும்.)

வெளிச்சத்துக்கு வந்தது மாதமுடிவில், கட்டணம் கட்ட வரிசை நிற்கிற நேரத்தில். மேலே ஒரு ஆசிரியர் வைபை சரியாக வரவில்லையென்று வீட்டிலிருந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லான் போர்ட்டைச் சுவரில் செருகியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, யாரும் செய்வதுதான். அந்த ரவுட்டர் கட்டடம் முழுவதற்கும் தன்பாட்டில் ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. கணக்குக் கணினிக்கு இணையமும் இல்லை, ரெக்கோடரும் காணோம். டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருக்கிற சுவிட்சாக இருந்தால், உண்மையான ரவுட்டர் இருக்கிற போர்ட்டை மட்டும் நம்பிக்கையானது என்று குறித்துவிடலாம், மற்றப் போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதிலையெல்லாம் சுவிட்சே எறிந்துவிடும்.

சரி, அமைப்புக்குள் போய்ப் பார்ப்போம் என்றால் போவதற்கு ஒன்றுமே இல்லை. ஐபி முகவரி இல்லை, லொகின் பக்கம் இல்லை, நேரே கேபிள் மாட்டி அமைக்கிற கொன்சோல் போர்ட்டும் இல்லை. கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டால், “அண்ணை, இந்தா பாருங்கோ, இதிலயே வீலான் எண்டு அடிச்சிருக்குத்தானே” என்றார்கள். ஸ்னூப்பிங் எங்கே என்று கேட்டதற்கு, அது ரவுட்டரில் இருக்கு என்றார்கள். அந்த ரவுட்டரைத் தம்பி தொடவே இல்லையே! இன்னொன்று, இரண்டு வீலானுக்கும் இணையம் போகவேண்டுமென்றால் அதைப் புரிந்துகொள்கிற ரவுட்டரோ லேயர் 3 சுவிட்சோ (ரவுட்டர் மாதிரி வழி காட்டவும் தெரிந்த சுவிட்ச்) வேண்டும், இணைப்போடு வரும் சாதாரணப் பெட்டிகளில் பெரும்பாலும் அது நடக்காது. உண்மையாகவே வேலை செய்ய நினைத்தவர்கள் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் சமாதானத்துக்கு ஒரு பாவித்த சுவிட்ச் தந்தார்கள், கொழும்பில் ஏதோ நிறுவனத்தில் கழற்றியதாம். அது மனேஜ்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் பழைய இடத்தின் பெயரும் அமைப்பும் அப்படியே உள்ளே கிடந்தன, உள்நுழைய டெல்நெட் என்ற பழைய முறை மட்டும்தான், எல்லாவற்றையும் மறைத்து அனுப்புகிற எஸ்எஸ்எச் இல்லை. டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமலே கேபிளில் போகும். தயாரித்த நிறுவனமும் அந்த மொடலுக்கு மென்பொருள் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நீங்கள் வாங்கப் போனால் பெட்டியை நம்பாமல் அடியில் ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் பார்த்து, போனிலேயே அதன் டேட்டாஷீட்டை (வசதிகளின் பட்டியலை) தேடுங்கள். கடை மேசையில் வைத்தே லொகின் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். வீலான் 10, வீலான் 20 என்று இரண்டு உருவாக்கி, ஒன்றுக்கு ஒன்று பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். மனேஜ்ட் விற்கிறவருக்கு இது பெரிய வேலை இல்லை. ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதே சுவிட்சில் செருகிப் பாருங்கள்: எஸ்டிபி (இப்படிக் கேபிள் சுற்றாவதை, அதாவது லூப்பை, தடுக்கும் வசதி) இருந்தால் ஒரு போர்ட்டை அடைத்துவிடும், இல்லாவிட்டால் எல்லா விளக்கும் ஒன்றாகப் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னும். ஆனால் சில மலிவுச் சுவிட்சுகளிலும் லூப் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு எடுக்க வேண்டாம். ‘ஸ்மார்ட்’ என்று விற்பவையும் உண்டு, வீலான் இருக்கும், ஸ்னூப்பிங் பலவற்றில் இருக்காது, எது வேண்டுமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 802.1எக்ஸ் (யார் என்று சரிபார்த்த பிறகே போர்ட்டைத் திறப்பது) என்று விலையை ஏற்றினால், அந்தச் சரிபார்ப்பைச் செய்கிற ரேடியஸ் சேர்வர் வைத்து நடத்த ஆள் இருக்கிறதா என்று யோசியுங்கள், எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது தேவையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மின்னல் நமக்குப் புதிதில்லை, வெளியே கம்பத்துக் கமராவுக்குப் போகிற செப்புக் கேபிள் வழியாகவே சுவிட்ச் போய்விடும், மின்னல் சேதத்துக்கு எங்கள் வாரண்டி அட்டையில் இடமில்லை. தூரமாக இருந்தால் எஸ்எப்பி துளை (பைபர் இணைப்புக்கான துளை) உள்ளதை எடுத்து, செப்புக்குப் பதிலாக பைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள்.

வேலை முடிந்ததும் அட்மின் கடவுச்சொல்லையும் கன்பிகரேஷன் கோப்பின் நகலையும் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். கோப்பு தர முடியாது என்றால் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் பில், விலைப்பத்திரம், குமிழின் படம் எல்லாவற்றையும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்களின் இலக்கம் 1977. கடை இப்போது கன்பிகரேஷன் காசை மட்டும் திருப்பித் தரலாம் என்கிறது, சுவிட்ச் காசைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இதே மாதிரிக் குமிழ் வைத்த பெட்டியை மனேஜ்ட் என்று வாங்கினவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுக்கலாம்.