பிள்ளைகளோடு எந்தத் தீவு: எக்ரெத்தா, செர்ஃபா?

மொரீஷியஸில் ஞாயிற்றுக்கிழமைக்கு இல் ஓ செர்ஃப் தீவு என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். துரூ தோ தூஸ் ஊரில் படகேறினால் வெண்மணல், ஆழமில்லாத நீர், பொட்டலம் கட்டிய டால் பூரி. பாட்டிக்கும் நிழல் கிடைக்கும்.

ஆனால் என் ஓட்டு மாயேபூர் ஊருக்குப் பக்கத்து இல் ஓ எக்ரெத்துக்குத்தான். 26 ஹெக்டேர் பவளப்பாறைத் தீவு. 1965 முதல் இயற்கைக் காப்பகம். வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும், குளியல் கிடையாது. அதனால் என்ன? கருங்காலி மரங்களுக்கு நடுவே அல்டாப்ரா ராட்சத ஆமை நகர்வதைப் பார்க்கலாம். 1991இல் காட்டில் பத்தே பத்து எஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறா இன்று அங்கே கிளையில் உட்கார்ந்திருக்கிறது! அதைப் பார்த்த என் மகள் வாயடைத்து நின்றாள்.

கைக்குழந்தை இருந்தால் சரி, செர்ஃபுக்கே போங்கள். பள்ளி போகும் பிள்ளை என்றால் எக்ரெத். தண்ணீரும் தொப்பியும் மறக்காதீர்கள்.