கடற்கரை வீட்டுக்கு ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியரா, வயர் ஃபாக்ஸ் டெரியரா?

கீழக்கரையை அடுத்த எங்கள் வீட்டில் மூன்றாண்டுகளாக ஒரு ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர் நாய் வளர்கிறது. குட்டை முடி ஸ்மூத்தா, கம்பி முடி வயரா என்று பல வாரம் யோசித்த பிறகே அதை வாங்கினேன். ராமநாதபுரம் கடலோரத்துக்கு ஸ்மூத்தே ஏற்றது என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

உருவத்திலும் குணத்திலும் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டும் சுமார் 39 செ.மீ. உயரமும் 8 கிலோ எடையும் கொண்டவை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1985 வரை இரண்டையும் ஒரே இனமாகத்தான் பதிவு செய்துவந்தது. வளைக்குள் பதுங்கிய நரியை வெளியேற்ற இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட இவை, வேலியோரம் ஓணானோ கீரியோ தென்பட்டுவிட்டால் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோழி வளர்ப்பவர்கள் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது.

முடிவைத் தீர்மானிப்பது முடிப் பராமரிப்புதான். வயரின் மேல்முடி தேங்காய் நார்போல விறைப்பாகவும் அடிமுடி மென்மையாகவும் இருக்கும். முதிர்ந்த மேல்முடியை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை விரலால் பிடுங்கி எடுக்க வேண்டும். மிஷின் போட்டு வெட்டினால் விறைப்புப் போய், நிறமும் வெளுத்துவிடும். இந்தக் கைவேலை தெரிந்த எவரையும் எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குடக் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். கடலோரம் ஓடிவந்த நாயின் முடியில் உப்பும் மணலும் தங்கினால் தோல் அரித்து, அது நக்கி நக்கியே புண்ணாக்கிக்கொள்ளும் என்பதால் நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். எங்கள் நாய்க்கு அரைக் குடம் போதும். துண்டால் துடைத்துத் திண்ணையில் விட்டால் சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். பெரியப்பா வெளியூர் போயிருந்த இரண்டு மாதம் அவருடைய வயரை நாங்கள் பார்த்துக்கொண்டோம். அடிமுடியிலிருந்து உப்பு இறங்க அதற்கு இரண்டு குடம் தேவைப்பட்டது; ஐப்பசி மழைநாளில் மாலையில் அலசினால், மறுநாள் காலையிலும் தாடி ஈரமாகவே இருந்து கருவாட்டு வாடை அடித்தது.

உண்ணி விஷயத்திலும் இதே கதைதான். ஸ்மூத்தின் காதோரத்திலும் விரலிடுக்கிலும் தடவிப் பார்த்தாலே உண்ணி கையில் தட்டுப்படும். வயரிடமோ, அது ரத்தம் குடித்து மிளகளவுக்குப் பருத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. உண்ணியால் பரவும் எர்லிக்கியா நோய், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். எனவே இது வெறும் அழகுப் பிரச்சினையல்ல.

ஸ்மூத்துக்கும் குறைகள் உண்டு. உதிரும் வெள்ளை முடி பாயில் ஊசிபோலக் குத்தி நிற்கும், துடைப்பத்துக்கு அசையாது. உச்சிவெயிலில் காது நுனி பொசுங்கும். சீமைக்கருவேல முள் ஸ்மூத்தைக் கீறும் அளவுக்கு வயரைக் கீறுவதில்லை. வயரைப் பற்றிய என் அனுபவம் அந்த இரண்டு மாதத்தோடு சரி. கோடையில் நான் அதை வளர்த்ததில்லை.

குட்டி கிடைப்பதும் ஸ்மூத்தில் அரிது. பிரிட்டனிலேயே, ஆண்டுக்கு 300 குட்டிகளுக்கு மேல் பதிவாகாத உள்நாட்டு இனங்களுக்கென கென்னல் கிளப் வைத்திருக்கும் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. கிடைத்தால், பணம் கொடுக்குமுன் குட்டியின் பின்னால் நின்று அது பாராதபடி கைதட்டிப் பாருங்கள். வெள்ளை நிறம் மிகுந்த இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.