மலை விடுதிக்குப் போகும் பெட்டியில் ஆக்சிமீட்டர்: எதை வாங்குவது, எந்த எண்ணுக்குப் பதறுவது

கொரோனாவால் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 1 முதல் மறுபடி திறந்தன. ஊட்டி, குன்னூர், கோடைக்கானல், ஏற்காடு பள்ளி விடுதிகளுக்கு ட்ரங்குப் பெட்டிகள் மலையேறின. அந்த முறை பல பெட்டிகளில் ஸ்வெட்டருக்கும் ஃப்ளாஸ்குக்கும் பக்கத்தில், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் விரல் முனை ஆக்சிமீட்டர் ஒன்றும் இருந்தது. முந்தைய ஆண்டு வீட்டுக்கு வாங்கியதையே சிலர் கொடுத்தனுப்பினார்கள், சிலர் புதிதாக வாங்கினார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கான மதிப்பீடுகள் நிறையவே வந்துவிட்டன. மலை விடுதியில் குளிர் உண்டு, உயரம் உண்டு, பெற்றோர் பக்கத்தில் இல்லை. அங்கே இந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் இங்கே பேச்சு.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பிள்ளையின் வழக்கமான எண் என்னவென்று மலையிலேயே அளந்து எழுதிவைக்காவிட்டால் அதனால் உதவியைவிடப் பதற்றமே அதிகம்.

காரணம் உயரம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கோடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல், ஏற்காடு ஏறத்தாழ 1,500. கடற்கரையில் 760 மி.மீ. பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் ஊட்டியில் 585 அளவுக்கு இறங்கிவிடுகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவதால் மூச்சுக்கு மூச்சு உள்ளே போவது குறைகிறது. சென்னையில் 98, 99 காட்டிய ஆரோக்கியமான பிள்ளைக்கு ஊட்டியில் 94, 95 காட்டுவது இயல்பு. தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஏற்காட்டில் வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளிதான், கவனிக்காமலே போய்விடலாம்.

இதோடு மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2022 ஜனவரி மாதக் கொரோனா வழிகாட்டுதலைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டுத் தனிமையில் இருக்கத்தக்க லேசான தொற்று என்பதற்கு அது வைத்த அளவு 93க்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் குறைந்தது மூன்று முறை பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருத்துவ உதவி தேட வேண்டும் என்றது. சமவெளியில் 98லிருந்து 93க்கு வருவது பெரிய சரிவு. ஊட்டியில் 95லிருந்து 93க்கு வருவது கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். பெரும்பாலான விரல் முனைக் கருவிகளின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 2 புள்ளி. ஆகவே மதுரையில் இருக்கும் அம்மா ஃபோனில் ‘94’ என்று கேட்டதும் காரை எடுக்கச் சொல்வதும் தவறு, மலையில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வார்டன் ஒதுக்குவதும் தவறு. அந்தப் பிள்ளையின் வழக்கமான எண் தெரிந்தால்தான் 94க்குப் பொருள் வரும்.

அதை எடுக்கும் முறை இது. புறப்படுமுன் வீட்டில் ஒரே நாளில் மூன்று வேளை பார்த்து எழுதுங்கள். மலைப்பாதையில் வாந்தியெடுத்துச் சோர்ந்து இறங்கிய மாலையில் பார்க்க வேண்டாம், அந்த எண் எதற்கும் பயன்படாது. மலையில் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காலை உணவுக்குப் பிறகும், மாலையில் விளையாட்டு முடிந்து அரை மணி கழித்தும் பாருங்கள். கிடைக்கும் நான்கு எண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு அட்டையில் தேதியோடு எழுதிக் கருவியோடு சேர்த்துக் கட்டி, இன்னொரு பிரதியை விடுதி மருத்துவ அறையில் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால், வழக்கமான எண்ணிலிருந்து 3 புள்ளி இறங்கி, ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பார்த்தும் அங்கேயே நின்றால் பள்ளி மருத்துவரிடம் போக வேண்டும். 92க்கு வந்துவிட்டால் வழக்கமான எண் எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ கருவி 97 காட்டினாலும் அதை நம்பாதீர்கள்.

குளிர் இன்னொரு சிக்கல். இந்தக் கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. இந்தக் கோட்பாட்டை 1974இல் வகுத்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 2020 ஏப்ரலில் மறைந்தார், உலகம் முழுக்கச் சாதாரண வீடுகள் இந்தக் கருவியைத் தேடத் தொடங்கியிருந்த நேரத்தில். அவர் கணக்குக்கு அடிப்படை துடிப்புதான். ஊட்டியில் ஜனவரி, பிப்ரவரி விடியற்காலை உறைபனி விழும். அந்த நேரத்தில் விரல் நுனியில் ரத்த ஓட்டம் சுருங்கிவிடுகிறது. துடிப்பு பலவீனமானால் கருவி கோடு மட்டும் காட்டும், இல்லையேல் 88, 90 என்று பொய்யாக இறங்கிய எண்ணைக் காட்டும். விடுதிகளில் காலை ஆறு மணிக்கு வரிசையில் நிறுத்தி எல்லாருக்கும் பார்ப்பது நல்ல நோக்கத்தில் செய்யப்படுவதுதான், ஆனால் மலையில் அதைவிட மோசமான நேரம் கிடையாது. வெந்நீரில் கை கழுவித் துடைத்து, ஐந்து நிமிடம் உட்காரவைத்து, நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ நகம் மேலே பார்க்க மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் ஆடாமல் வைக்கச் சொல்லுங்கள். முதலில் வரும் எண்ணை விட்டுவிடுங்கள். முப்பது விநாடிக்குமேல் ஒரே இடத்தில் நிற்கும் எண்ணை எழுதுங்கள். மருதாணியும் நகப்பூச்சும் ஒளியை மறிக்கக்கூடும். பொங்கல் விடுமுறைக்கு வந்த பெண்பிள்ளைகளின் நகத்தில் மருதாணி இன்னும் மிச்சம் இருந்தால் கால் பெருவிரலில் பார்க்கலாம். சன்னலோர வெயிலும் கருவியைக் குழப்பும்.

தலைகீழாகப் படிக்கிற தவறு ஒன்று உண்டு, அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையில் 98 என்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் 86 என்று தெரியும். எதிரில் நிற்கிறவர் அப்படியே படித்துவிட்டு ஃபோன் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, எஸ்பிஓ2 என்ற ஆக்சிஜன் எண்ணையும் பிஆர் என்ற நாடித்துடிப்பு எண்ணையும் மாற்றிப் படிப்பது. இரண்டும் 90களில் இருக்கும்போது இது சுலபமாக நடக்கும். எண்ணை வாயால் கேட்பதைவிட, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது மேல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது முதலில் அலைக்கோடு. வெறும் எண்ணும் துள்ளும் பட்டையும் மட்டும் உள்ள மலிவுக் கருவி மலைக்கு ஆகாது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கும் வளைகோட்டைக் காட்டும் கருவியில், கோடு சீராக ஓடினால் எண்ணை நம்பலாம், கிறுக்கலாக இருந்தால் நம்பக்கூடாது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். பிஐ என்று இன்னொரு எண் இருந்தால் இன்னும் நல்லது. விரலில் ரத்த ஓட்டம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை அது சொல்லும். அது மிகவும் தாழ்ந்து கிடந்தால் கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம். திரையைத் திருப்பிக் காட்டும் வசதி இருந்தால் மேலே சொன்ன 86 குழப்பம் தீரும். புளூடூத், மொபைல் செயலி இவற்றுக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம், பெரும்பாலான விடுதிகளில் பிள்ளைகளிடம் ஃபோனே இருக்காது. பெரியவர்களுக்கான கருவி சிறு பிள்ளைகளின் மெல்லிய விரலில் தளர்ந்து, ஓரத்தில் ஒளி கசியும். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழந்தைகளுக்கானதை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கட்டைவிரலில் மாட்டலாம்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. கருவியை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு, மறுகையின் மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். திரையில் உள்ள நாடித்துடிப்போடு ஐந்துக்குமேல் வித்தியாசம் வந்தால், அது காட்டும் ஆக்சிஜன் அளவையும் நம்ப முடியாது. அச்சிட்ட அதிகபட்ச விலையையும் பாருங்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு வணிக லாபத்தை 70 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. இரண்டாம் அலையின்போது அச்சான பழைய விலை ஒட்டிய பெட்டியை இன்னும் யாராவது நீட்டினால் மறுத்துவிடலாம்.

கருத்த தோலில் இந்தக் கருவி சற்று உயர்த்திக் காட்டும் சாத்தியமும் உண்டு. 2020 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கருவி நல்ல எண் காட்டியும் ரத்தத்தில் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தக்கூடும். ஒற்றை எண்ணைவிட, அதே பிள்ளையில் அதே கருவியில் தெரியும் மாற்றத்தைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கருவியை நடுவில் மாற்றினால் வழக்கமான எண்ணைப் புதிதாக எடுக்க வேண்டும்.

பேட்டரி சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பள்ளிகள் திறந்து மூடிய வரலாற்றைப் பாருங்கள். 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள், பிப்ரவரி 8 அன்று 9, 11. மார்ச் 20 சனிக்கிழமை அறிவிப்பு, 22 திங்கள் முதல் 9, 10, 11 நிறுத்தம். செப்டம்பர் 1 வரை திறக்கவில்லை. நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகளும் வந்தன, 2022 ஜனவரியில் மறுபடி நிறுத்தம். மார்ச்சில் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு இறங்கியவர்களின் சாமான்கள் பல மாதம் பூட்டிய அறையில் கிடந்தன. அப்படிக் கிடக்கும் கருவியில் ஏஏஏ பேட்டரிகள் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிடும். எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் அரித்து இற்றுப்போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். சாதாரண பேட்டரியைவிட ஆல்கலைன் நல்லது, அதையும் கருவிக்குள் போடாமல் தனி உறையில் கொடுத்தனுப்புங்கள். பார்த்து முடித்ததும் கழற்றிவைக்கப் பழக்க வேண்டும். ஒரே கருவி டார்ம் முழுக்கச் சுற்றுகிறது என்றால், ஒவ்வொருவருக்குப் பிறகும் ரப்பர் பட்டையை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் முக்கக் கூடாது.

பட்ஜெட்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஆக்சிமீட்டருக்கு முன்னால் நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஆரோக்கியமான பிள்ளைகளில், அப்போது பரவிய ஒமைக்ரான் வகைக் கொரோனா பெரும்பாலும் காய்ச்சல், தொண்டை வலி, சளி என்றுதான் வந்தது. ஆக்சிஜன் இறங்கும் அளவுக்குப் போனது அபூர்வம். வாசலில் நெற்றிக்கு நீட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கி குளிர்க்காற்றில் நடந்து வந்த பிள்ளையின் தோல் சூட்டைத்தான் அளக்கிறது, உள்ளே காய்ச்சல் இருந்தாலும் தாழ்த்திக் காட்டும். அக்குளில் வைத்துப் பீப் சத்தம் வரும்வரை காத்திருக்கும் கருவியே போதும். ஆக்சிமீட்டர் கொஞ்சமும் உதவாத ஒரு நிலை உண்டு. கொரோனா தொற்று வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் விடாத காய்ச்சலோடு வயிற்றுவலி, உடலில் தடிப்பு, கண் சிவப்பு வந்தால் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆக்சிமீட்டர் அவசியம், இன்ஹேலரும் ஸ்பேசரும் அதைவிட அவசியம்.

கருவியை ஒப்படைக்கும்போதே விடுதியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் சில. எண்ணை யார் பார்ப்பது, மேட்ரனா, செவிலியரா? இரவில் யார்? எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், பெற்றோர் வரும்வரை காத்திருப்பார்களா? மிக முக்கியமானது, பிள்ளை தனிமையில் இருக்கும்போது விடுதியை மூடச் சொல்லி உத்தரவு வந்தால் என்ன செய்வார்கள்? 2022 ஜனவரியில் இருந்த விதிப்படி தொற்று உறுதியான நாளிலிருந்து குறைந்தது 7 நாள் தனிமை, அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. தனிமையில் இருக்கும் பிள்ளையை மற்றவர்களோடு பஸ்ஸில் இறக்கிவிட முடியாது. மருத்துவ அறை அதுவரை திறந்திருக்குமா என்பதற்குத் தெளிவான பதில் வராத இடத்தில், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் தலைமையாசிரியரிடமே பேசிவிடுங்கள்.

2007 அல்லது அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு அப்போது இன்னொரு வேலையும் இருந்தது, தடுப்பூசி. 2022 ஜனவரி 3 அன்று வீட்டுப் பக்கத்தில் கோவாக்சின் தடுப்பூசி போட்டிருந்தால், இரண்டாம் தவணைக்கான 28 நாள் ஜனவரி 31 அன்றே முடிந்தது, ஆகவே இரண்டாம் தவணை மலையில்தான். முதல் தவணைச் சான்றிதழின் பிரதியைச் சேர்த்துக் கொடுத்து, தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தந்த பதிவு எண்ணையும், பதிவு செய்த ஃபோன் எண்ணையும் அந்த ஆக்சிஜன் அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதிவிட வேண்டியிருந்தது. முகாம் நடக்கும் நாளில் ஓடிபி பெற்றோரின் ஃபோனுக்குத்தான் வந்தது, அன்று அதை அணைத்துவைக்கக் கூடாது.