டிங்போச்சேயில் எங்களிடமிருந்து திருடப்பட்ட ஒரு நாள்

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்க முடிவு செய்து, காத்மாண்டுவில் ஏதாவது ஓர் ஏஜென்சிக்கு முன்பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கடந்த அக்டோபரில் நானும் என் அண்ணனும் போனோம். எனக்கு வயது 47, அண்ணனுக்கு 54. அவர் இப்போது நலமாக இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய் கையைவிட்டுப் போனது. அது எப்படிப் போனது, எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று எனக்குப் புரியவே மூன்று வாரம் ஆயிற்று.

அண்ணனுக்கு சிகரத்தைப் பார்ப்பதைவிட வழியில் இருக்கும் தெங்போச்சே புத்த மடத்தைப் பார்க்கத்தான் ஆசை. 1916-ல் கட்டி, 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, 1989-ல் தீயில் எரிந்து, ஒவ்வொரு முறையும் ஷெர்பா மக்கள் மறுபடி எழுப்பிய மடம் அது. அங்கே ஆண்டுதோறும் மணி ரிம்து என்று ஒரு திருவிழா. மக்கள் கூடும் மூன்று நாட்களில் முதல் நாள் தலைமை லாமாவின் ஆசி, இரண்டாம் நாள் துறவிகளின் முகமூடி நடனம், மூன்றாம் நாள் அக்னி பூஜை. அந்த நடனத்தைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காத்மாண்டுவின் தமேல் பகுதியில் குறுகலான மாடிப்படி ஏறிப் போகும் ஓர் அலுவலகத்தில் பேசினோம். போர்டில் ஒரு பெயர், அவர்கள் கொடுத்த ரசீதில் வேறு பெயர். அதைக் கண்ணால் பார்த்தும் நான் கேட்கவில்லை. ஆளுக்கு 90,000 இந்திய ரூபாய், 14 நாள், எல்லாம் அடக்கம் என்றார்கள். தாளில் தெளிவாக எழுதியிருந்தது: காத்மாண்டுவிலிருந்து, நடை தொடங்கும் லுக்லாவுக்கு விமானம், தெங்போச்சேயில் மணி ரிம்து, வழி ஊர்களான நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ஒவ்வொரு ஓய்வு நாள்.

முதல் பொய் அன்று இரவே தெரிந்தது. அக்டோபர், நவம்பர் சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்துதான் கிளம்புகின்றன. அதற்கு நள்ளிரவு தாண்டி வேனில் ஏறி, நாலைந்து மணி நேரம் மலைச் சாலையில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். வேன் கட்டணம் தனி என்று டிரைவர் கை நீட்டினார். மந்தலியில் மேகம் கலையாமல் அன்றைய விமானம் ரத்து. வானிலைக்கு யாரும் பொறுப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லுக்லாவுக்கு விமானம் தாமதமாவது அங்கே வாடிக்கை. அதற்கென்று ஓரிரு நாள் கூடுதலாக வைக்காமல் ஒரு ஏஜென்சி திட்டம் போட்டால், அந்த நாளை வேறு எங்கிருந்தோ எடுக்கப் போகிறது என்று அர்த்தம். எங்களிடமிருந்து எங்கே எடுத்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

மோஞ்சோவில் தேசியப் பூங்காவின் வாசல். இந்தியர் அடங்கும் சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 1,500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. எங்களிடம் 3,000 கணக்கில் வாங்கியிருந்தார்கள், அங்கே கட்டியது 1,500. சின்னத் தொகைதான். கைடிடம் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே நடந்தார்.

நாம்சே பஜார் 3,440 மீட்டர். அங்கே ஓய்வு நாள் ஒழுங்காகக் கிடைத்தது. மறுநாள் தெங்போச்சே ஏறினோம். மடத்து முற்றம் காலியாக இருந்தது. ஒரு சின்னப் பையன், பத்து வயது துறவி, கருஞ்சிவப்பு உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்படியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். லாட்ஜ் நடத்தும் அம்மாவிடம் விசாரித்தோம். திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கிறது, அடுத்த பௌர்ணமிக்குத்தான் என்றார். திபெத்திய நாட்காட்டிப்படி பௌர்ணமியை ஒட்டி வரும் விழா அது, ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். ஏஜென்சி எங்களுக்குச் சொன்ன தேதி எங்கிருந்து வந்ததோ! நம் வீட்டு தினசரிக் காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்திருந்தாலே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தின் ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் அந்தக் கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாள் டிங்போச்சே, 4,410 மீட்டர். இரவுச் சாப்பாட்டின்போது கைடு வந்து, "தீதி (அக்கா), நாளைக்கு நேரா லொபுச்சே போயிடலாம். நீங்க ரெண்டு பேரும் நல்லா நடக்கிறீங்க, இங்க ரெஸ்ட் வேண்டாம். ஒரு நாள் லேட் ஆயிடுச்சு இல்லையா" என்றார். நல்லா நடக்கிறீங்க என்ற சொல் எங்களுக்கு இனித்தது. சரி என்றோம்.

இது புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது உயர மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. காற்றில் ஆக்சிஜன் குறையக் குறைய உடம்பு தன்னைப் பழக்கிக்கொள்ள அந்த நாள் வேண்டும். டிங்போச்சேயில் ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பதில்லை. பகலில் நாங்கர்ட்ஷாங் குன்றில் கொஞ்ச உயரம் ஏறிவிட்டு, இரவில் இறங்கி வந்து தூங்குவார்கள். லொபுச்சே 4,940 மீட்டர். கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று மேல்தான் அங்கே கிடைக்கும். நன்றாக நடப்பதற்கும் உடம்பு பழகுவதற்கும் சம்பந்தமே இல்லை. உயர நோய் திடகாத்திரமான இளைஞனுக்கும் வரும், என் அண்ணனுக்கும் வந்தது.

லொபுச்சேயில் இரவு பத்து மணிக்கு அவருக்குத் தலைவலி. பன்னிரண்டுக்கு ஒருமுறை வாந்தி. பேச்சு தெளிவாக இருந்தது. மூச்சு வாங்கவில்லை, இருமல் இல்லை. நான் கைடை எழுப்பினேன். "லேக் லாக்யோ" என்றார், உயரம் தாக்கிவிட்டது என்று. கைமருந்தாகப் பூண்டு சூப் வரும், கீழே இறங்கலாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் குளிரில் கால் மணி நேரம் பேசினார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. "காலையில ஹெலிகாப்டர் வரும். இன்ஷூரன்ஸ் கட்டிடும், உங்களுக்குச் செலவில்ல. இல்லைன்னா ராத்திரியில மூளையில தண்ணி சேர்ந்து செத்துப்போயிடுவார்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு படிவத்தை நீட்டினார். நோயாளி நடக்க இயலாத நிலையில் இருக்கிறார் என்று அதில் அச்சடித்திருந்தது. எங்கள் பாலிசி எண், நாங்கள் கேட்காமலே, ஏற்கெனவே நிரப்பியிருந்தது. காத்மாண்டுவில் முதல் நாளே அவர்கள் பாலிசியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் கையெழுத்துப் போட்ட அதே நேரத்தில், எதிர் பெஞ்சில் அண்ணன் குனிந்து தன் ஷூ லேஸை இரட்டை முடிச்சாகத் தானே கட்டிக்கொண்டிருந்தார். பிறகு தன் பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு, கற்களுக்கு நடுவே ஹெலிகாப்டர் வரை நடந்து போனார்.

ஹெலிகாப்டரில், இன்னும் மேலே இருக்கும் கோரக்ஷெப்பிலிருந்து ஏற்றிவந்த இரண்டு பேர் முன்பே இருந்தார்கள். எனக்கு இடமில்லை என்றார்கள். கைடுக்கு இடமிருந்தது. ஏறிப் போய்விட்டார்.

நானும் எங்கள் போர்ட்டர் பையனும் மட்டும் நின்றோம். இருபது வயதிருக்கும் அவனுக்கு. மீதி இருந்த இரண்டு பெரிய பைகளையும் சேர்த்துக் கயிறு போட்டு, நாம்லோ பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, "ஜாவும் தீதி" (போகலாம் அக்கா) என்றான். மலையேறி இறந்தவர்களுக்கான நினைவுக் கற்கள் நிற்கும் துக்லா மேட்டைக் கடந்து இறங்கினோம். கண்ணீர் மறைத்ததில் நான் மெதுவாகத்தான் நடந்தேன். அப்படியும் நாலு மணி நேரத்துக்குள் ஃபெரிச்சே வந்துவிட்டது. அங்கே ஒரு கிளினிக். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973 முதல் நடத்திவருவது, இளவேனில், இலையுதிர் சீசன்களில் டாக்டர்கள் இருப்பார்கள். ஆக்சிஜன், மருந்து எல்லாம் இருக்கிறது. இப்படி ஒன்று வழியில் இருப்பதைக் கைடு எங்களிடம் சொல்லவே இல்லை.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் அவரைப் பார்க்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நேராக நடக்கிறாரா என்று பார்த்தார்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. "நீங்கள் சொல்கிற அறிகுறிகள் மட்டும் என்றால், துணையோடு இறங்கி இங்கேயே வந்திருக்கலாம்" என்றார். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காத்மாண்டுவில் ஆம்புலன்ஸ் ஹெலிபேடிலேயே காத்திருந்ததாம். எந்த ஆஸ்பத்திரி என்று அண்ணனை யாரும் கேட்கவில்லை. போய்ச் சேரும்போதே அவருக்குத் தலைவலி விட்டிருந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ் என்று இரண்டு இரவு வைத்திருந்தார்கள். ஹெலிகாப்டருக்கு 4,200 டாலர், ஆஸ்பத்திரிக்கு 1,150 டாலர். எங்கள் பாலிசி 4,500 மீட்டருக்கு மேல் செல்லாது என்பது இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கார்டைத் தேய்த்துக் கட்டினோம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அதே ஹெலிகாப்டரில் வந்தவர். அவர் பில்லிலும் அதே 4,200 டாலர். ஒரே பயணத்துக்கு ஒவ்வொருவரிடமும் முழுக் கட்டணம்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. தேவையில்லாத ஹெலிகாப்டர் மீட்பு நேபாளத்தில் பெரிய மோசடியாக வளர்ந்து, 2018-ல் அரசே குழு அமைத்து விசாரித்தது. வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் நேபாளப் பயணத்துக்குக் காப்பீடு தருவதையே நிறுத்திவிடுவோம் என்று எச்சரித்தன. பணம் சுற்றும் விதம் எளிது. நடைப்பயணத்தை அடிமாட்டு விலைக்கு விற்பார்கள், ஹெலிகாப்டரிலும் ஆஸ்பத்திரியிலும் வரும் கமிஷனில் அதை ஈடுகட்டுவார்கள். கமிஷன் வர ஒருவர் நோயாளியாக வேண்டும். ஓய்வு நாளை வெட்டினால் ஒரு நாள் சாப்பாடும் அறையும் மிச்சம், தலைவலி வரவும் வாய்ப்பு அதிகம். எங்கள் கைடு அதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. இரவு பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கும் வழியைச் சொல்லாமல் போனைத்தான் முதலில் எடுத்தார் என்பதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். தள்ளாடி நடந்தால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், நுரையோடு இருமினால், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் இறக்க வேண்டும். அப்போது ஹெலிகாப்டர் உயிர். வெறும் தலைவலியும் குமட்டலும் என்றால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும், தனியாக விடாமல் இறக்க வேண்டும்.

போர்ட்டர் பையனைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. லுக்லா வந்து சேர்ந்த இரவு, தால்பாத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ஏஜென்சி அவனுக்கு ஒரு பைசா தரவில்லை, கைடுதான் லுக்லாவில் தருவதாகச் சொல்லியிருந்தார். கைடு எப்போதோ பறந்துவிட்டார். போன் செய்தால், அந்த அக்காவிடம் வாங்கிக்கொள் என்கிறார்களாம். ஒன்பது நாள் கூலி, 18,000 நேபாள ரூபாய், நான் கொடுத்தேன். எங்களிடம் வாங்கிய பணத்தில் அவன் கூலியும் அடக்கம் என்றுதான் தாளில் எழுதியிருந்தது. எங்கள் திரும்பும் விமான டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டார்கள், புதிதாக வாங்கினேன்.

பிரிகுடிமண்டபத்தில் இருக்கும் சுற்றுலா போலீஸில் புகார் கொடுத்தோம். ரசீதில் இருந்த பெயருக்கும் போர்டில் இருந்த பெயருக்கும் தொடர்பைக் காட்டச் சொன்னார்கள், எங்களிடம் அந்த ஒரு துண்டுத் தாள்தான் இருந்தது. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அதனால் பணம் கட்டும் முன் ஏஜென்சியின் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரில்தான் ரசீது கேளுங்கள். டிங்போச்சேயில் இரண்டு இரவு என்று எழுதி வாங்குங்கள். விமானம் தாமதமானால் எந்த நாளை வெட்டுவீர்கள் என்று நேருக்கு நேர் கேளுங்கள். பாலிசி எத்தனை மீட்டர் வரை என்று பாருங்கள், 5,644 மீட்டர் காலாபத்தர் வரை போவதென்றால் 6,000 வரை செல்லும் பாலிசி வேண்டும். இன்ஷூரன்ஸின் அவசர எண் உங்கள் போனில் இருக்கட்டும், அவர்களிடம் பேசாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபெரிச்சே கிளினிக்கில் சீசன் நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு உயர நோய் பற்றி டாக்டர்களே பேசுகிறார்கள். டிங்போச்சேயிலிருந்து ஒரு சின்ன மேட்டைத் தாண்டினால் அந்த ஊர். உங்கள் ஓய்வு நாளில் நடந்து போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.