இனிப்பு சாக்கே: என் ஓட்டு கிஜோஷுவுக்கே

சாப்பாடு முடிந்து இனிப்போடு ஒரு சின்ன கிளாஸ் சாக்கே (ஜப்பானிய அரிசி மது) வேண்டுமென்றால் மூன்று வகை கண்ணில் படும்: நுரைத்துப் பொங்கும் ஸ்பார்க்ளிங், கலங்கலான நிகோரி, கிஜோஷு. மூன்றுமே இனிப்பாகக் கிடைக்கும், அதில் போட்டியில்லை. நான் வாங்கி வைத்திருப்பது கிஜோஷு.

ஸ்பார்க்ளிங்கில் நான் குடித்துப் பார்த்தது மியோ என்ற பிராண்ட் மட்டும்தான். ஆல்கஹால் 5 சதவீதம், பழத் துண்டுகளோடு ஜோராக இருக்கும். மற்றவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நிகோரி அரிசிக் கசடோடு வெள்ளையாக இருக்கும். குலுக்கி ஊற்ற வேண்டும். காரமான சாப்பாட்டுக்கு அருமை, ஆனால் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்தால் சப்பென்று ஆகிவிடுகிறது.

கிஜோஷு தயாரிக்கும் முறையே வேறு. சாதாரண சாக்கேக்கு அரிசி, கோஜி (மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை வளர்த்த அரிசி), தண்ணீரை மூன்று தவணையாகச் சேர்ப்பார்கள். கிஜோஷுவில் கடைசித் தவணையில் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதில் சாக்கேயையே ஊற்றுகிறார்கள். ஆல்கஹால் சட்டென்று ஏறுவதால், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் சோர்ந்துபோகிறது. கோஜி உண்டாக்கிய சர்க்கரை மிஞ்சி நிற்கிறது. 1973-ல் ஜப்பான் அரசின் மதுவடிப்பு ஆய்வகம் கண்டுபிடித்த முறை இது. ஹிரோஷிமா மாவட்டம் குரே நகரின் எனோகி ஆலைதான் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவர்களுடைய ஹனஹாடோ கிஜோஷு 8 வருடம் ஊறியது. கிளாஸைச் சாய்த்தால் தேன் நிறம் ஓரத்தில் கொஞ்சம் செம்மண்ணாக மாறும். வாயில் உலர்திராட்சை, கருகிய சர்க்கரை, கடைசியில் லேசாக சோயா சாஸ் வாடை. வெனிலா ஐஸ்கிரீம் மேலேயே ஒரு ஸ்பூன் ஊற்றலாம். ப்ளூ சீஸ் பிடிக்கும் என்றால் இன்னும் நல்லது.

சரி, இதெல்லாம் ருசி விஷயம், ஆளுக்கு ஆள் மாறும். என்னை முடிவெடுக்க வைத்தது, திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான். இனிப்புக்குப் பிறகு யாரும் அரை பாட்டில் குடிப்பதில்லை. ஐம்பது மில்லியே தாராளம். ஸ்பார்க்ளிங் மூடி திறந்த அன்றே முடிந்தாக வேண்டும், மறுநாள் வெறும் சர்க்கரைத் தண்ணீர். நிகோரி ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். சூடுபடுத்தாத நாமா வகை என்றால் அதுவும் சந்தேகம். ஊறவைத்த கிஜோஷு ஏற்கெனவே வருடக்கணக்கில் பழுத்தது, காற்றுப் பட்டால் பதறுவதில்லை. ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் வைத்து ஊற்றிக் குடிக்கிறேன், பெரிய மாற்றம் தெரியவில்லை. ஊறவைக்காத இளம் கிஜோஷுவும் இப்படித் தாங்குமா என்று நான் பார்த்ததில்லை.

விலை கூடுதல்தான், அளவும் சின்னது. ஆனால் பாதியைச் சிங்கில் கொட்டுகிற கணக்கையும் சேர்த்தால் இதுதான் மலிவு. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: கிஜோஷு என்பது பதிவுசெய்த வணிகப் பெயர். சில ஆலைகள் இதே முறையில் செய்துவிட்டு லேபிளில் ‘சாய்ஜோ ஷிகோமி’ என்று போடுவார்கள்.