ஷார்ஜா கிரிக்கெட்டா, கோலாலம்பூர் ஷட்டிலா? கொலுசு வியாபாரிக்கு எது தோது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்கு இப்போது அக்கா மகன் பொறுப்பு. ஏற்றுமதியைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பியிருக்கிறான். போன வாரம் வந்து, "மாமா, வெளிநாட்டுல நாலு பேரைப் பழக்கம் பிடிக்க கிரிக்கெட் டீம்ல சேர்றதா, ஷட்டிலே போதுங்களா?" என்றான். கண்காட்சியில் ஸ்டால் போட்டு நான் வாங்கி வந்த விசிட்டிங் கார்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அவற்றில் ஆர்டராக மாறியது சொற்பம். மைதானத்தில் பழகியவர்கள்தான் இன்றைக்கும் போன் செய்கிறார்கள். அது அவனுக்கும் தெரியும்.

ஷார்ஜாவில் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சே கிடையாது. 1984-ல் அங்கே முதல் ஒருநாள் போட்டி நடந்தது. இன்றைக்கு லீவு நாளில் காலி மனையைப் பார்த்தால் அங்கே ஸ்டம்ப் நிற்கும். பெரும்பாலும் டேப் சுற்றிய டென்னிஸ் பந்து. நம்மூர்க்காரனுக்கு அது கைவந்த சரக்கு. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகித்தானே 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கினார். 'சேலம்' என்று நான் சொன்னதும் அங்கே நான் சேர்ந்த டீமில் இருந்த மலையாளியும் லாகூர்க்காரரும் ஒரே குரலில் "நட்டு ஊரா?" என்றார்கள். அறிமுகம் அதோடு முடிந்தது.

ஆனால் கிரிக்கெட்டின் உண்மையான லாபம் ஆடாத நேரத்தில் இருக்கிறது. பேட்டிங் டீமில் பதினோரு பேர், களத்தில் இரண்டு பேர், மிச்சம் ஒன்பது பேர் நிழலில். இருபது ஓவர் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நான் பத்தாவது ஆள் என்பதால் அந்த நேரம் மொத்தமும் எனக்கே! எந்தக் கடைக்காரர் சொன்ன தேதியில் பணம் போடுவார், யார் இழுத்தடிப்பார், ஆபீஸ் போகும் பெண்கள் ஏன் சத்தம் வராத மெல்லிசுக் கொலுசு கேட்கிறார்கள் எல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்து கேட்டதுதான்.

இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட ஆட்டத்தில் பேட்டிங் டீம் ஆட்களே அம்பயராக நிற்பார்கள். ஒருவர் தன் சொந்தத் தம்பிக்கு எல்பி அவுட் கொடுத்துக் கையைத் தூக்கினார். அவருக்கு நான் இரண்டு மாதக் கடனில் சரக்கு விட்டேன், ஒரு ரூபாய் நிற்கவில்லை.

குறையும் இருக்கிறது. அங்கே நாம் சந்திப்பது இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைக்காரர், வங்கதேசத்தவர்தான். அரபு முதலாளி பேட் பிடித்து நான் பார்த்ததில்லை. கோடையில் பகலில் மூச்சு விட முடியாது, ராத்திரி ஆட்டம்தான். நிரந்தரமாக இருப்பவனுக்குத்தான் டீமில் இடம் நிற்கும். அவசரப்பட்டாலும் போச்சு. சேர்ந்த இரண்டாவது வாரமே டீ இடைவேளையில் சாம்பிள் பையைப் பிரித்து விரித்தேன். கேப்டன் சிரித்தார். அடுத்த வார வாட்ஸப் பட்டியலில் என் பெயர் இல்லை. மறுபடி உள்ளே போக ஒன்றரை மாதம் ஸ்கோர் எழுதினேன்.

கோலாலம்பூர் வேறு கதை. பழைய தொழிற்சாலை ஷெட்டுக்குள் கோர்ட் போட்டு மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் ஓடும். 21 பாயின்ட் ஆட்டம் கால் மணியில் முடியும், உடனே ஜோடி மாறும். ஒரே ராத்திரியில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரோடும் ஒரு கை ஆடியிருப்போம். நடுவில் பேச நேரமில்லை. அதற்குத்தான் மாமாக் கடையும் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) தே தாரேயும் (இழுத்து ஆற்றிய பால் டீ). கோர்ட் வாடகையையும் இறகுப் பந்துச் செலவையும் அன்றைக்கே பங்கு பிரிப்பார்கள். கேட்காமல் பணம் அனுப்புகிறவர் யார் என்று கவனித்தால் போதும், விசாரணை முடிந்தது.

கோலாலம்பூரை நான் ஒரு படி மேலே வைக்கக் காரணம் இரண்டு. 2023 டிசம்பரில் இந்தியருக்கு 30 நாள் விசா இல்லாமல் போகும் வசதி வந்தது. 30 நாள் என்றால் வாரத்துக்கு ஒன்றாக நாலு ஆட்டம். நாலு வாரத்துக்கு வருகிறவனைக் கிரிக்கெட் டீமில் பன்னிரண்டாவது ஆளாகக்கூட வைக்க மாட்டார்கள். ஷட்டிலில் ஒரு ஆள் குறைகிறது என்று கூப்பிடுவார்கள். இரண்டாவது, கொலுசு போடுகிறவர்கள் பெண்கள். என் ஷார்ஜா டீமில் ஒரு பெண்கூடக் கிடையாது. கோலாலம்பூரில் கலப்பு இரட்டையரில் என்னோடு ஆடிய ஒரு டீச்சர்தான், "அண்ணா, உங்க கொலுசுத் திருகு சாக்ஸ்ல மாட்டி நூலை இழுக்குது" என்று காலைத் தூக்கிக் காட்டினார். ஊருக்கு வந்து முதல் வேலையாகத் திருகை எடுத்துவிட்டுக் கொக்கி வைத்தோம். எந்தக் கண்காட்சியில் இதை நமக்குச் சொல்வார்கள்?

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் மூன்றாவது வழி ஒன்று சொல்வார். அவர் மகன் ஹாம்பர்க்கில் வேலை பார்க்கிறான், அங்கே வாலிபால் கிளப்பில் உறுப்பினர். ஜெர்மனியில் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம், ஆட்டம் எல்லாம் அப்படிப்பட்ட கிளப்களில்தான். அலுவலகத்தில் வருஷக்கணக்கில் 'ஸீ', அதாவது நம் 'நீங்கள்', போட்டுப் பேசுகிற மனிதர், வலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் முதல் நாளே 'டு', நம் 'நீ'. ஆனால் என்ன வேலை செய்கிறாய் என்று ஆறு மாதம் யாரும் கேட்கவில்லையாம். ஒரு போட்டி நாளில் ஆளுக்கொரு கேக் கொண்டுவர, இவன் தோட்டத்துக் காபியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதைக் குடித்த ஒருவரின் மைத்துனர் சின்னதாகக் காபி வறுக்கும் கடை வைத்திருந்தார். முதல் ஆர்டர் 60 கிலோ மூட்டை இரண்டு. கிளப்பில் சேர்ந்து அதற்குள் இரண்டு வருஷம். உறவு உறுதியானதுதான், ஆனால் அங்கேயே குடியிருக்கிறவனுக்கு.

கால்பந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், பேச்சே நடக்காது. கணுக்கால் பிசகினால் பயண இன்சூரன்ஸ் விளையாட்டுக் காயத்துக்குக் கொடுக்குமா என்பதையும் பாலிசியில் தேடிப் பார்க்க வேண்டும். (ஷட்டிலுக்கும் அதைப் பார்த்துவிடச் சொன்னேன்.)

பையன் கோலாலம்பூர் என்று முடிவு செய்துவிட்டான். பெட்டியில் ராக்கெட் மேலே, சாம்பிள் அடியில்.

"அங்க நட்டு பேரைச் சொன்னா எடுபடுமா மாமா?"

"மலேசியா ஷட்டில் வீரர் லீ சோங் வெய் பேரைச் சொல்லுடா. 2008, 2012, 2016, மூணு ஒலிம்பிக்லயும் அவருக்கு வெள்ளி. நம்ம தொழிலுக்கு அதைவிட ராசியான ஆள் யாரு?"